தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கம்ப்யூட்டர்

"கைப்பிடி வெச்ச கேபினெட்டா?" என்று ஹேமநாத் திரும்பக் கேட்டார். "வீட்ல வெக்கிற மிஷின்தானே மேடம்? ஒரு தடவை டேபிள் மேல ஏத்துனா வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். அதத் தூக்கிக்கினு எங்க போவப் போறீங்க?"

பிரமிளா சிரித்து மழுப்பப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "இடம் சின்னதுங்க. அப்பப்போ நகத்தி வெக்கணும்" என்றாள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கிற சந்தில் அந்தக் கடை இருந்தது. அவள் கடைக்குள் வந்ததிலிருந்து ஒரே மூலையில்தான் நின்றாள். முதுகு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாசலுக்கு யார் வந்தாலும் அவளுக்கு முதலில் தெரியும். வருகிறவர் கண்ணுக்கு அவள் படக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எங்கே போனாலும் அப்படி ஒரு இடம் பார்த்து நிற்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

கைப்பிடி எதற்கு என்றால், ஓடுவதற்கு. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கம்ப்யூட்டர். மாடிப்படி இறங்கி, தெருமுனையில் ஆட்டோ பிடிக்கிற வரைக்கும் தன்னால் தூக்க முடிகிற பெட்டியாக இருக்க வேண்டும். இதை ஒரு கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

பிரமிளாவுக்குச் சொந்த ஊர் நகரி. அண்ணன் வீட்டோடு நாலு பவர்லூம் ஓட்டுகிறார். பன்னிரண்டாவது முடித்த கையோடு அவள் புத்தூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் சேர்ந்து, வீட்டு முகப்பை கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டாள். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, முடிந்த பிறகு தன் வீடு எப்படி நிற்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்று கட்டுகிறவர்களுக்கெல்லாம் ஆசை இருக்கும். பால்கனியில் வெயில் எப்படி விழும், மார்பிள் தூண் எந்த நிறம், வாசலில் கார் நின்றால் எப்படி இருக்கும் என்று அச்சு அசலாக போட்டோ எடுத்த மாதிரி அவள் வரைந்து காட்டுவாள். அந்த வேலையில் அவளுக்கு நல்ல கை என்று எல்லாரும் சொன்னார்கள்.

பிச்சாட்டூர்ப் பக்கம் தாமோதரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு டிப்பர் லாரி வைத்திருந்தான். குரலை உயர்த்தியே பேசமாட்டான், குடிப்பழக்கம் கிடையாது. கல்யாணமான புதிதிலேயே, "ஆபீஸ் எல்லாம் அலையாத. வீட்லயே ஒக்காந்து செய்" என்று சொல்லி லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். ஊரே மெச்சியது. அம்மா செங்கம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

சாயங்காலம் வந்து சாப்பிட உட்காரும்போது, "மத்தியானம் உங்கண்ணிகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தியே, இன்னா விஷயம்?" என்று கேட்பான். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒருநாள் வேலையில் இருக்கும்போது லேப்டாப் கேமராவின் ஓரத்தில் பச்சைப் பொட்டு மாதிரி விளக்கு எரிவதைப் பார்த்தாள். அவள் எதையும் திறக்கவில்லை. அது தானாக எரிந்துகொண்டிருந்தது. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கேமராவின் மேல் ஒட்டினாள்.

அன்றைக்கு தாமோதரன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். செருப்பைக் கழற்றினான், கை கால் கழுவினான், நேராக மேசைக்குப் போய் நகத்தால் அந்தப் பொட்டைப் பிரித்து எடுத்தான். அவள் முகத்தை ஒரு கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, பொட்டை நெற்றியில் வைத்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தினான். "பொட்டு இங்கதான் இருக்கணும், பிரமி" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு வேறொன்றும் செய்யவில்லை.

மற்ற நாட்களில் செய்தான். அவள் வலது கை சுண்டு விரல் இன்றைக்கும் நேராக நிற்காது. ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன்தான் வந்து பைக்கில் கூட்டிக்கொண்டு போனான், வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். வீடு வந்து கதவு சாத்தியபின் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த மாசம் அவன் லோடு விஷயமாகத் தடா ஊருக்குப் போயிருந்தபோது, கட்டின புடவையோடு திருப்பதி பஸ் ஏறிவிட்டாள்.

திருப்பதியில் ரங்கையா என்ற இன்ஜினியரிடம் வேலை கிடைத்தது. கொர்லகுண்டவில் சந்திரம்மா என்கிற தெலுங்கு அம்மாள் வீட்டு மாடியில் ஒற்றை அறை. மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்த சமயத்தில் தாமோதரன் ரங்கையாவின் ஆபீசுக்கே வந்து நின்றான். சத்தம் போடவில்லை. எல்லாருக்கும் ஒரு டப்பா ஸ்வீட் வாங்கி வந்திருந்தான். "என் சம்சாரத்துக்குக் கொஞ்சம் மனசு சரியில்லைங்க. மாத்திரை போடாம வந்துட்டா. இங்க வேலை செய்யிறதா சொன்னாங்க" என்று கைகூப்பினான். பிரமிளா அப்போது பின்பக்கம் பாத்ரூமில் இருந்தாள். அந்தக் குரல் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே பின்வாசல் வழியாகப் போனவள், செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டாள்.

மறுநாள் ரங்கையா போன் செய்தார். "அம்மா, ஆபீசுக்கு வராதே. உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. ஆனா உன் வேலை எனக்கு வேணும். வீட்ல ஒரு மிஷின் போட்டுக்கோ. டிராயிங் எல்லாம் வாட்ஸப்ல அனுப்பறேன்."

அதனால்தான் அவள் கம்மலை விற்றுவிட்டு இந்தக் கடைக்கு வந்தாள்.

லேப்டாப்பே வாங்கிவிடலாமே, தூக்குவதற்கும் சுலபம் என்று ஹேமநாத்தும் சொல்லிப் பார்த்தார். இந்த வேலையைத் தாங்குகிற லேப்டாப்புக்கு அவள் கையிலிருந்த காசு பாதிக்குக்கூடக் காணாது. அது ஒரு காரணம். அவள் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. லேப்டாப் என்பது மூடிய பொருள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. கேமரா அதிலேயே இருக்கும், மைக் அதிலேயே இருக்கும். தனித்தனியாக வாங்கிப் பூட்டுகிற மிஷின் என்றால் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். வேண்டாததை வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

அப்படித்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். மதர்போர்டு காட்டியபோது, "இதுல வைஃபை கீதா?" என்று கேட்டாள்.

"இருக்கு மேடம். விலை கொஞ்சம்தான் எச்சு."

"இல்லாதது குடுங்க."

"இன்டர்நெட்டு?"

"வயர் இழுத்துக்கறேன்." வயர் என்றால் கண்ணுக்குத் தெரியும், வேண்டாம் என்றால் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

ஹேமநாத்துக்கு நாற்பது வயதிருக்கும். வியாபாரத்தில் வளவளவென்று பேசுகிற ஆள்தான், ஆனால் ஏமாற்றுகிறவராகத் தெரியவில்லை. ரேம் விலையைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. "போன தீபாவளிக்கு முன்னாடி வந்திருந்தா பாதி விலைக்குக் குடுத்திருப்பேன். இப்ப உலகம் பூரா சரக்குத் தட்டுப்பாடு. பதினாறு ஜிபி ஒண்ணு மட்டும் போடுங்க. இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கட்டும், கை தாராளமா ஆனதும் பாத்துக்கலாம்" என்றார். பிராசசர் இரண்டு வருஷம் பழைய மாடல் போதும் என்றார். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். "கரண்ட் பெட்டி இது. இதுல மிச்சம் பிடிச்சா ஒருநாள் எல்லாத்தையும் கொளுத்திடும்."

அவள் வேலைக்கு உயிர்நாடி கிராபிக்ஸ் கார்டுதான். புதிது வாங்க வழியில்லை. சித்தூரில் மூடிய ஒரு கேமிங் சென்டரிலிருந்து வந்த பழைய கார்டுகள் அவரிடம் இருந்தன. மூன்று ஃபேன் வைத்தது ஒன்று, இரண்டு ஃபேன் வைத்தது ஒன்று. மூன்று ஃபேன் கார்டு சூடாகாது, சத்தமும் வராது. ஆனால் அது பெரிய கேபினெட்டில்தான் நுழையும், பெரிய கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு அவளால் ஓட முடியாது.

எவனோ ஒரு காலேஜ் பையன் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன சின்னப் பெட்டி ஒன்று கடையின் மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது. சதுரமாக, மேலே இரும்புக் கைப்பிடியோடு. ஹேமநாத் அதை இறக்கித் துடைத்து வைத்தார். பிரமிளா வெறும் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தாள். "இதுவே" என்றாள்.

"அப்ப ரெண்டு ஃபேன் கார்டுதான் மேடம். சத்தம் வரும்."

"பரவால்ல."

அட்வான்ஸ் கொடுத்தாள். ரசீது எழுதும்போதுதான் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "நகரியா நீங்க? பேச்சு அப்படியே அந்தப் பக்கம் கீதே! எங்க அக்காவப் பிச்சாட்டூர்லதான் குடுத்திருக்கு."

பிரமிளாவின் காதில் கடையின் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரசீதை வாங்கினாளா இல்லையா என்பதுகூட நினைவில்லை. வெளியே வந்து, சந்தைத் தாண்டி, ஜனத்துக்குள் புகுந்து, எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் நடந்து, கடைசியில் ஒரு பழக்கடைக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்தாள்.

பிறகு அறையை விட்டு அவள் வெளியே வரவில்லை. சந்திரம்மா இரண்டு தடவை மேலே வந்து பார்த்தாள். "ஏமாயிந்தி, பிரமிளா? ஜுரமா?" என்று கழுத்தைத் தொட்டாள். ஜுரமில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓய்கிற வரைக்கும் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேமநாத் அக்காவிடம் சொல்வார், அக்கா புருஷனிடம் சொல்வாள், பிச்சாட்டூரில் தாமோதரனைத் தெரியாதவர்கள் யார்? காசு போனால் போகட்டும், வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் எந்த ஊருக்கு? அங்கே போய் எதை வைத்துப் பிழைப்பது? கம்மல் போட்டிருந்த காதில் இப்போது வேப்பங்குச்சிதான் இருந்தது.

கடைசியில் போனாள். போனாளே தவிர, கடைக்கு எதிர்ப்புறம் வெகுநேரம் நின்று, உள்ளே வேறு ஆள் இல்லை என்று தெரிந்தபின்தான் படியேறினாள். ஹேமநாத் ஏன் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை. ஸ்டூலை எடுத்து, வாசலைப் பார்த்த மாதிரி, அவள் நின்ற அதே மூலையில் போட்டார். ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே சொன்னார்: "எங்க அக்காகிட்ட நான் கடை விஷயம் எதுவும் பேசறதில்லக்கா. யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு வெளிய சொல்ற பழக்கமும் எனக்கில்ல."

மேடம் என்று கூப்பிட்டவர் அக்கா என்றதை அவள் கவனித்தாள். ஆனாலும் முழுசாக நம்பிவிடவில்லை. அவர் பூட்டுகிற ஒவ்வொன்றையும் கண் எடுக்காமல் பார்த்தாள். ஃபைல் எல்லாம் தங்குகிற எஸ்எஸ்டி மட்டும் புதுசு, பிரிக்காத டப்பாவாக வேண்டும் என்றாள். பழையதில் யார் எதை வைத்திருப்பார்களோ. விண்டோஸ் ஏற்றி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பழைய மானிட்டர் ஒன்றையும் சேர்த்து, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

மிஷின் வந்ததும் பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். வேறு மாதிரி ஆனது. ஒரு முகப்பைப் படமாக எடுக்க ஆரம்பித்தால் அந்த இரண்டு ஃபேனும் சேர்ந்து மாவு மில் மாதிரி இரையும். அந்த இரைச்சலில் படிக்கட்டில் யார் ஏறினாலும் காதில் விழாது. வேலை ஓட ஓட அவள் எழுந்து எழுந்து போய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஹேமநாத்துக்குப் போன் போட்டாள்.

"சத்தம் வேணாம். இன்னா பண்ணலாம்?"

"கார்டோட வேகத்தைக் குறைச்சு வெக்கலாம்கா. சத்தம் அடங்கிடும். ஆனா ஒரு மணி நேர வேலை ரெண்டு மணி நேரம் புடிக்கும்."

"புடிக்கட்டும்" என்றாள். படிக்கட்டு காதில் கேட்பதுதான் அவளுக்கு முக்கியம்.

இப்படி ஒரு மழைக்காலம் போயிற்று. ரங்கையா அனுப்புகிற வேலையோடு சத்யவேடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் டிராயிங் வர ஆரம்பித்தது. அம்மாவிடம் மட்டும் எப்போதாவது பேசுவாள். எங்கே இருக்கிறேன் என்று சொல்லமாட்டாள். "நல்லா கீறேன்மா, சொந்தமா கம்ப்யூட்டர் வாங்கிக்கினு ரூம்லயே வேலை செய்யிறேன்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். பெற்ற மனசு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான்.

தாமோதரன் நகரிக்குப் போய் செங்கம்மாவின் காலில் விழுந்திருக்கிறான். அழுதிருக்கிறான். "உயிரோட கீறாளா இல்லியா, அத மட்டும் சொல்லு அத்தை" என்றிருக்கிறான். செங்கம்மா இளகிப்போய், "நல்லாத்தான் கீறா நைனா, கம்ப்யூட்டர் வாங்கிக்கினு வூட்லயே வேலை செய்யிறா" என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு அது போதும். மறுநாளே பிரமிளாவின் போட்டோவோடு திருப்பதியில் கம்ப்யூட்டர் கடை கடையாக ஏறி இறங்கினான்.

ஹேமநாத்தின் போன் வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பிரமிளா அப்போதுதான் ஒரு வீட்டு முகப்பை ஓட விட்டிருந்தாள்.

"அக்கா, ஒருத்தர் வந்தாரு. உங்க போட்டோ காமிச்சாரு. நான் பாத்ததே இல்லன்னேன். ஆனா அன்னிக்கு உங்கள ஏத்திக்கினு போன ஆட்டோக்காரன் வெளிய நின்னுக்கினு இருந்தான். அவனுக்கு விஷயம் தெரியாதே, கொர்லகுண்டவுல எறக்கி விட்டேன்னு சொல்லிட்டான். அவன் ஆட்டோலயே ஏறிட்டாருக்கா. இப்பதான். கெளம்புங்க, இந்த நிமிஷமே கெளம்புங்க!"

எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்ததுதான். வயர்களைப் பிடுங்க வேண்டும், கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், படியிறங்க வேண்டும். ஆனால் மானிட்டர் வயரின் திருகைத் திருப்பத் திருப்ப அது சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் முரட்டுத்தனமாக இழுத்துப் பிய்த்தாள். பெட்டியைத் தூக்கினாள். கடையில் வெறும் பெட்டியைத்தானே தூக்கிப் பார்த்தாள்? உள்ளே எல்லாம் பூட்டியபின் அது வேறு கனம். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியிறங்கும்போது தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற சத்தம் கேட்டது.

கீழே சந்திரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பிரமிளாவின் முகத்தைப் பார்த்ததும் "லோபலிக்கி ரா" என்று தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளும் போட்டாள்.

பிரமிளா கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மடியில் பெட்டி. ஓடிக்கொண்டிருந்த சூடு இன்னும் ஆறவில்லை, புடவையைத் தாண்டித் தொடையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. ஒரு கையால் போலீசுக்கு 112 அடித்தாள். எதிர்முனையில் பேசியவர் அட்ரஸ் கேட்டார். குரல் வரவில்லை. மறுபடி கேட்டார். காற்றாக, தெலுங்கில், தெருப் பேரையும் சந்திரம்மா பேரையும் சொன்னாள். போனை அணைக்காமல் அரிசி டின்னின் மேல் வைத்தாள்.

தலைக்கு மேலே காலடிச் சத்தம். நிதானமாக நடந்தான். கொஞ்சம் நின்றான். பிறகு கண்ணாடி உடைகிற ஓசை. மானிட்டர்.

இறங்கி வந்து சந்திரம்மாவிடம் மரியாதையாகத் தெலுங்கில் பேசினான். "மேல என் சம்சாரம் இருந்தாளே, எங்கம்மா?"

"மேல யாரும் இல்ல" என்றாள் சந்திரம்மா.

"டேபிள் இன்னும் சூடா இருக்கும்மா. தொட்டுப் பாத்துட்டுதான் வந்தேன்."

வாசற்படியில் அவன் உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் தமிழுக்கு மாறினான். அவளிடம்தான் பேசினான். எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரியாததால் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஆனால் இதமாகப் பேசினான்.

"பிரமி. வெயில்ல ஒக்காந்துகினு கீறேன். கொஞ்சம் தண்ணி கொண்டா."

பிரமிளாவுக்கு ஒரு விஷயம் பயங்கரமாக இருந்தது. அவன் தண்ணீர் என்றதும் அவள் கண் தன்னால் அலமாரியில் சொம்பைத் தேடியது. அவள் உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. பெட்டியின் கனம்தான் அவளை உட்கார வைத்திருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"நீ துன்னியா? இளைச்சிப் போயிருப்பேன்னு உங்கம்மா அழுதுச்சி. வா, வழியில துன்னுட்டுப் போலாம்."

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஜீப் வந்தது. ஒரு எஸ்ஐ, ஒரு பெண் கான்ஸ்டபிள். தாமோதரன் எழுந்து கும்பிட்டான். அதே கதையைச் சொன்னான். மனசு சரியில்லாத மனைவி, மாத்திரை போடாமல் வந்துவிட்டாள், ஆறு மாசமாகத் தேடுகிறேன். சட்டைப் பையிலிருந்து ஏதோ மருந்துச் சீட்டைக்கூட எடுத்துக் காட்டினான். எஸ்ஐயின் குரல் தணிவதை பிரமிளா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். முன்பு ஒரு ஸ்டேஷனில் இப்படித்தான் குரல் தணிந்தது. தணிந்தபின் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்தாள். கதவைத் தட்டினாள். சந்திரம்மா தாழ்ப்பாளைத் திறந்தாள்.

பெட்டியை இறுக்கி அணைத்தபடியேதான் வெளியே வந்தாள். விரல்கள் பிடித்த பிடியை விடவில்லை. தாமோதரன் சிரித்தான். "பாத்தீங்களா சார்? கம்ப்யூட்டர கொழந்தை மாதிரி கட்டிக்கினு நிக்கிறா."

பிரமிளா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும். பெண் கான்ஸ்டபிளின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே தெலுங்கில் சொன்னாள். "எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு மேடம். பயம் இருக்கு. இவரைப் பார்த்து பயம்." வளைந்த சுண்டு விரலை நீட்டினாள்.

சந்திரம்மாவுக்கு அப்போது எங்கிருந்தோ வேகம் வந்தது. "இது என் வீடு! நான் உள்ள விடாமயே மேல ஏறிப் போய் சாமான உடைச்சிருக்கான். என் புகார எழுதுங்க முதல்ல!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கான்ஸ்டபிள் மேலே போய் உடைந்த மானிட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். தாமோதரன் அருகில் எஸ்ஐ நின்ற விதம் அப்போது மாறியது. அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் ஹேமநாத் கூப்பிடாமலே வந்து சாட்சி சொன்னார். வழக்கு பதிவாயிற்று. பிறகு கோர்ட்டில், அவள் இருக்கிற இடத்துக்கும் வேலை செய்கிற இடத்துக்கும் தாமோதரன் வரக்கூடாது என்று உத்தரவு கிடைத்தது. அதை அவன் மீறவில்லை. ஊரில் மரியாதை போய்விடும் என்ற எண்ணமோ, வக்கீல் பயமுறுத்தியதோ தெரியாது. பேசாமல் வைத்துவிடுகிற போன் மட்டும் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. செங்கம்மா வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். சந்திரம்மா வீட்டை விட்டு பிரமிளா மாறவில்லை. பயமும் அவளை விட்டு மாறிவிடவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டால் இப்போதும் கை வேலையை விட்டு நின்றுவிடும்.

சித்திரை மாசம் ரங்கையா அவளைக் காளஹஸ்திக்குப் போகச் சொன்னார். அவள் முகப்பு வரைந்து கொடுத்த வீடு ஒன்று முடிகிற கட்டத்தில் இருந்தது. வீட்டுக்காரம்மா தேவசேனா ஏதோ மாற்றம் கேட்கிறாராம், நேரில் பார்த்தால்தான் ஆகுமாம். பிரமிளா போகமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு போனாள். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே போனாள்.

தான் வரைந்த வீடு ஒன்று கல்லும் சிமென்ட்டுமாக நிற்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. தெரு திரும்பியதும் தெரிந்தது. பால்கனி அவள் போட்ட பால்கனி. தூண் அவள் போட்ட தூண். ஆனால் வெள்ளையும் சந்தனமுமாக அவள் கொடுத்திருந்த முகப்புக்கு எவனோ பளீரென்று கத்தரிப்பூ நிறத்தைப் பூசி வைத்திருந்தான்.

"யார் மாத்தச் சொன்னது இந்தக் கலர?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள்.

"பெயின்டர்தான்மா, இது எடுப்பா இருக்கும்னான்" என்றார் தேவசேனா.

"எடுப்பா கீதா? சாயங்கால வெயில் இந்தப் பக்கம்தான் விழும். நீங்களே ஒருநாள் நின்னு பாருங்க, கண்ணு கூசும்! நான் எத்தினி நாள் ஒக்காந்து வெயில் பாத்துப் போட்டது தெரியுமா?"

சாரத்தின் மேலிருந்த பெயின்டர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். பிரமிளா நடுத்தெருவில், நாலு பக்கமும் திறந்த இடத்தில் நின்றுகொண்டு, கை நீட்டி, சன்னலுக்கு மேலே எந்த இடத்திலிருந்து சந்தன நிறம் ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். தேவசேனா கடைசியில் சரி என்றார். பெயின்டர் முணுமுணுத்துக்கொண்டே வேறு வாளியைத் தேடினான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போலச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திருப்பதி பஸ்ஸில் ஏறினாள். கூட்டம் அதிகம். கிடைத்த சீட்டில், டிரைவருக்குப் பின்னால், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. வண்டி சுவர்ணமுகிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அவள் அந்தப் பெயின்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள்.